குடவோலை கற்பிக்கும் பாடம்

நம் காஞ்சியிலிருந்து தெற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் உத்திரமேரூர் உள்ளது. அலுவலாகவும் உறவினர் வீட்டுத் திருமணங்களுக்காகவும் அவ்வழியே போய்வருவோர் நம் பங்கில் பலருண்டு. ஆயினும், அவ்வூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரருகே சற்றே நின்று, அங்குள்ள கல்வெட்டுகளைக் கண்டோர் சிலரே. நம் மண்ணின் பழைய தேர்தல் வரலாறு அச்சுவரில்தான் பொறிக்கப்பட்டுள்ளது.

முதலாம் பராந்தக சோழனின் ஆட்சியில், கி.பி. 919-லும் 921-லும் அவை வெட்டப்பட்டன. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்பது இன்று நாம் கூறும் வார்டு. குடும்புக்கு ஒருவராக முப்பது பேர் தெரிந்தெடுக்கப்பட்டனர்; அவர்களுள் பன்னிருவர் சம்வத்சர வாரியத்திற்கும், பன்னிருவர் தோட்ட வாரியத்திற்கும், அறுவர் ஏரி வாரியத்திற்கும் சென்றனர். பதவிக்காலம் 360 நாட்கள்.

தகுதியுடையோர் பெயர்கள் ஓலையில் எழுதப்பட்டு, குடும்பு வாரியாகக் கட்டப்பட்டுக் குடத்தில் இடப்படும். இளையோரும் முதியோரும் நிறைந்த சபையில், மூத்த நம்பி ஒருவர் குடத்தை அனைவரும் காண உயர்த்திப் பிடிப்பார். உள்ளிருப்பது அறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுப்பான். அது வேறொரு குடத்தில் இட்டுக் குலுக்கப்படும். பின் அவன் எடுக்கும் ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்கி வாசிப்பான். விரலிடுக்கில் வேறோர் ஓலை மறைந்திருக்கக் கூடாதென்பதே கருத்து! பழைய ஏதென்சு நகரிலும் சீட்டுக் குலுக்கியே ஆலோசனை மன்றத்தாரைத் தெரிந்தனர். யூதாசின் இடத்திற்கு மத்தியா சீட்டினால் தெரிந்துகொள்ளப்பட்டதை நாம் திருத்தூதர் பணிகளில் வாசிக்கிறோம்.

விதிகளுள் நம் சிந்தனைக்குரியது கணக்குப் பற்றியதாகும். முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவன் பெயர் குடத்தில் ஏறாது. அவன் மட்டுமன்று, அவனுடைய தகப்பன், மகன், உடன்பிறந்தான், மாமனார், மைத்துனன், மருமகன், அத்தை மக்கள், மாமன் மக்கள் ஆகியோர் பெயரும் ஏறாது. கடந்த மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவனுக்கும் இடமில்லை. பொதுப்பணத்தைப் பினாமியாக உறவினர் வழியே கையாளும் தந்திரத்தை அன்றே அறிந்திருந்தார்கள் போலும்!

எனினும், உண்மையை மறைத்துப் பெருமை பேசலாகாது. இது பிராமணர் சபையாக விளங்கிய சதுர்வேதிமங்கலத்தின் விதி. கால் வேலி நிலமும், சொந்த மனையில் வீடும், வேத அறிவும், 35-க்கு மேல் 70-க்கு உட்பட்ட வயதும் வேண்டும். அரைக்கால் வேலி நிலமுடையோர்க்கும் கல்வி மிகுந்திருந்தால் சலுகை இருந்தது. ஆனால் உழுதவனுக்கும், தறியில் அமர்ந்தவனுக்கும், பெண்களுக்கும் குடத்தில் ஓலை இல்லை.

அந்த ஓலை 1951-52 பொதுத்தேர்தலில்தான் வயதுவந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமையாக வந்து சேர்ந்தது. 1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆம் அரசியல் சட்டத் திருத்தம் ஊராட்சிகளை உறுதிப்படுத்தி, பெண்களுக்கு மூன்றிலொரு பங்கு இடமளித்தது. தமிழகத்தில் 2016-இல் அது பாதியாயிற்று. மாவட்டப் பிரிவினையால் 2019-இல் தள்ளிப்போன நம் மாவட்ட ஊரகத் தேர்தல் 2021 அக்டோபரில் நடந்தது.

அன்பார்ந்த பங்கு மக்களே! முன்னோர்க்கு மறுக்கப்பட்டது நம் கையில் உள்ளது. அதனைப் பணத்திற்கு விற்காதிருப்போம். அந்த விரித்த உள்ளங்கையை ஊராட்சியிலும், சங்கத்திலும், நம் பங்குப் பேரவையிலும் கேட்போம். கணக்குக் கேட்பது பகையன்று. கணக்குக் காட்டுவது இழிவுமன்று.