தாய்ப்பத்திரம்: காயல்பட்டினத்து வீடும் மும்பைச் சங்கமும்

சென்ற மாதம் என் கல்லூரிக் காலத் தோழர் ஒருவர் இரண்டு கோப்புகளுடன் வீட்டிற்கு வந்தார். காயல்பட்டினத்துக்காரர், வாணிகத்தின் பொருட்டு மும்பையில் குடியேறியவர். ஒரு கோப்பு, அவர் உறுப்பினராயுள்ள கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தின் பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டுவதற்கானது. மற்றொன்று, ஊரில் அவருடைய லாத்தா குடியிருக்கும் வீட்டை இடித்துக் கட்டுவதற்கானது. தமிழ் படித்தவனுக்குப் பழம்பத்திரங்களின் நடை விளங்கும் என்பது அவர் நம்பிக்கை. "மும்பையில் நாற்பது பேர் கையெழுத்து; ஊரில் மூன்றே பேர். ஆனாலும் ஊர்க் கோப்புத்தான் நகரமாட்டேன் என்கிறது" என்றார்.

அது ஏன் என்று எண்ணிப் பார்த்ததன் விளைவே இக்கட்டுரை.

கூட்டுறவு என்னும் ஏற்பாடு நம் நாட்டிற்கு 1904ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. அது கடன் சங்கங்களுக்கு மட்டுமே இடந்தந்தது. 1912ஆம் ஆண்டுச் சட்டம் பிற சங்கங்களுக்கும் வாயிலைத் திறக்க, 1915இல் பம்பாய் காம்தேவியில் சாரஸ்வத் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் தோன்றிற்று. இவ்வகைச் சங்கத்தில் உறுப்பினர் கையில் இருப்பது பங்குச் சான்று. மண் சங்கத்தின் பெயரில் இருக்கவேண்டும். இருக்கவேண்டும் என்றுதான் சொல்ல இயலும். கட்டுநர் நிலத்தைச் சங்கத்திற்கு எழுதித் தரவேண்டுமென 1963ஆம் ஆண்டு மகாராட்டிரச் சட்டம் விதித்தும் பலர் எழுதித் தரவில்லை. கட்டுநர் வாராவிடினும் அரசு அதிகாரியே உரிமை மாற்றம் செய்து தரும் வழியை 2008ஆம் ஆண்டுத் திருத்தம் வகுத்தது. மறுகட்டுமானத்திற்கு நான்கில் மூன்று பங்கினர் இசைவு வேண்டுமென 2009 சனவரியில் அம்மாநில அரசு நெறிமுறை வெளியிட்டது. 2019 சூலையில் அது 51 விழுக்காடாகக் குறைந்தது. பொறியாளரின் உறுதித்தன்மை அறிக்கை, கட்டடக் கலைஞரின் சாத்தியக்கூறு அறிக்கை, பதிவாளரின் அலுவலர் முன்னிலையில் ஒளிப்பதிவோடு கூடும் பொதுக்குழு எனத் தாள்கள் மலைபோற் குவிந்தாலும், இசையாத சிலர் ஊரைத் தடுத்து நிறுத்த இயலாது.

காயல்பட்டினத்து வீட்டின் கதை வேறு. மார்க்கோ போலோ கண்ட காயல் இதுவன்று, அருகிலுள்ள பழையகாயலே என்பது கால்டுவெல்லின் துணிபு. அவ்வழக்கை ஈண்டு விரிக்க வேண்டா. முத்தும் குதிரையும் கைமாறிய கரை இது என்பதில் ஐயமில்லை. ஆடவர் இலங்கை, வங்கம், பர்மா எனக் கடல்கடந்து ஆண்டுக்கணக்கில் தங்கிப் பொருளீட்டினர். ஊரில் நிலைத்திருந்தவர் பெண்டிரே. ஆகவே வீடும் அவர்களைச் சார்ந்தே நின்றது. மணமான பெண் மாமியார் வீட்டிற்குப் போவதில்லை. மணமகனே பெண்வீட்டிற்கு வருகிறான். மகளுக்கு வீடோ, வீட்டில் ஒரு பகுதியோ கொடுப்பது பெற்றோர் கடன். வீடுகளுக்கு இடையே பெண்கள் சென்றுவரும் முடுக்குகளைக் கண்டவர்களுக்கு இவ்வமைப்பு எளிதில் விளங்கும்.

இதனை மலபார் மாப்பிள்ளைமாரின் தரவாட்டோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. தரவாடு பிரிக்கப்படாத குடும்பச் சொத்து. அதைப் பங்கிட வழிசெய்ய 1939இல் சென்னை மாகாணம் தனிச்சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. காயல் வீடோ ஒரு பெண்ணின் தனிச்சொத்து. தாயிடமிருந்து மகளுக்குக் கைமாறுவது. கைமாறும் கருவி ஹிபா என்னும் கொடை. கொடுத்தேன் என்று ஒருவர் சொல்ல, பெற்றேன் என்று மற்றவர் ஏற்க, பொருள் கைவசமானால் கொடை முற்றுப்பெறும். எழுத்து வேண்டியதில்லை. 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம், கொடைக்குப் பதிவு கட்டாயம் என்ற விதியிலிருந்து இசுலாமியக் கொடையை 129ஆம் பிரிவால் விலக்கி வைத்தது. 2011இல் உச்ச நீதிமன்றமும் ஹபீசா பீபி வழக்கில் இதை உறுதிசெய்தது.

நீதிமன்றம் ஏற்கும், வங்கி ஏற்காது. இங்கேதான் தோழரின் கோப்பு முடங்கிற்று.

அவருடைய உம்மா உயிரோடிருந்தபோதே வீட்டை மகளுக்கென்று வாயால் சொல்லிவிட்டார். தாயும் மகளும் அதே வீட்டில்தான் வாழ்ந்தனர். (கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தால் கொடுத்தவர் வெளியேற வேண்டியதில்லை என்பது நிலைபெற்ற விதி.) ஆனால் பட்டாவும் வீட்டுவரி இரசீதும் உம்மாவின் பெயரிலேயே நின்றுவிட்டன. வில்லங்கச் சான்றில் ஹிபாவைப் பற்றி ஒரு வரியும் இல்லை; பதிவாகாதது அதில் எப்படி வரும்? கட்டுமானக் கடன் கேட்டுச் சென்றால், உம்மா காலமானதும் வீடு வாரிசுகளுக்குச் சேர்ந்துவிட்டதாகவே கணக்கிடுகிறார்கள். வாப்பா முன்னரே காலமானவர். எஞ்சியோர் இரு மகன்கள், ஒரு மகள். ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று என்னும் கணக்கில் மகன்களுக்கு ஐந்தில் இரண்டிரண்டு பங்கு. பிறந்ததிலிருந்து அவ்வீட்டை விட்டு அகலாத லாத்தாவுக்கு ஐந்தில் ஒன்று.

இங்கே பெரும்பான்மை என்ற பேச்சுக்கே இடமில்லை. தமிழ்நாட்டில் 1994ஆம் ஆண்டு அடுக்குமாடிச் சட்டத்தின் காலத்தில் மறுகட்டுமானத்திற்கு உரிமையாளர் அனைவரின் இசைவும் தேவைப்பட்டது. 2022இல் இயற்றப்பெற்று 2024இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் அதனை மூன்றில் இரண்டு பங்காகத் தளர்த்தியது. அத்தளர்வு கூட்டு வாரிசுகளுக்குப் பொருந்தாது. ஒருவர் கையெழுத்து இல்லையெனில் வேலை நின்றுவிடும். காலந்தாழ்த்துவதும் ஆபத்து. சகோதரருள் ஒருவர் காலமானால் அவர் பங்கு மனைவிக்கு எட்டில் ஒன்று, எஞ்சியது பிள்ளைகளுக்கு என உடையும். இன்று மூன்றாக உள்ள கையெழுத்து நாளை பத்தாகும். அப்பத்துப் பேரில் உம்மாவின் சொல்லைக் காதால் கேட்டவர் எத்தனை பேர் இருப்பர்?

மூலப் பத்திரத்தை நம்மவர் தாய்ப்பத்திரம் என்கின்றனர். காயல்பட்டினத்தில் அச்சொல் உருவகமன்று. தோழர் கொணர்ந்த கட்டில் மூன்று தலைமுறைத் தாய்மாரின் பெயர்கள் வரிசையாய் இருந்தன. நான்காவது பெயர் மட்டும் இல்லை.

சகோதரர் இருவரும் லாத்தாவுக்கு விடுதலைப் பத்திரம் எழுதித் தருவதே வழியென முடிவாயிற்று. "இல்லாத பங்கை எப்படி விடுவிப்பது? அது உம்மா கொடுத்ததைப் பொய்யாக்குவது ஆகாதா?" என்று தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. வாய்மொழிக் கொடையை முதலில் விவரித்து, அதனை உறுதிப்படுத்தும் பொருட்டே விடுவிக்கிறோம் என்று முகப்பிலேயே எழுதும்படி சொன்னேன். வழக்கறிஞரும் அதற்கு இசைந்தார். தோழர் கையெழுத்திட ஆயத்தமாயிருக்கிறார். இளையவர் ஹாங்காங்கில் இருக்கிறார். அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றுபெற்ற அதிகார ஆவணம் இங்கு வந்துசேர்ந்த மூன்று மாதத்திற்குள் முத்திரையிடப்பட வேண்டும். மும்பையில் பொதுக்குழு கூடி ஒளிப்பதிவும் முடிந்துவிட்டது. லாத்தா தபாலுக்காகக் காத்திருக்கிறார்.