வடக்கே போன கப்பல்கள்

களனி கங்கையின் கோபத்தைக் கொழும்பு அடிக்கணக்கில் அறியும். நாகலகம் வீதியில் உள்ள நீர்மானி 1947 ஓகஸ்ட்டில் 12 அடியைத் தாண்டியது. வெள்ளம் ஏறினால் தாழ்வான பகுதிச் சனங்கள் பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் போவார்கள். சோற்றுப் பார்சல் வரும், பிறகு உலர் உணவு வரும், நீர் வடிந்ததும் சேறு கழுவி வீடு திரும்புவார்கள். 2016 மேயில் வெல்லம்பிட்டியிலும் கொலன்னாவையிலும் இதே வரிசையைத்தான் பார்த்தோம்.

இனக்கலவரத்தில் வீடிழந்தவர்களுக்கும் முதல் இரண்டு கட்டங்கள் இதே மாதிரித்தான் நடந்தன. அதே பள்ளிக்கூடம், அதே பார்சல். மூன்றாவது கட்டம் மட்டும் வேறு. அவர்களைத் தம் வீட்டுக்கு அல்ல, கப்பலுக்கு அனுப்பினார்கள்.

இந்த வழக்கத்தின் தொடக்கம் 1958 மே. அதற்கு ஐந்து மாதங்களுக்கு முன், 1957 டிசம்பரில், நாட்டைப் பெருவெள்ளம் புரட்டிப்போட்டிருந்தது. நாச்சதுவ குளக்கட்டு உடைந்தது. 'பிரின்ஸ்டன்' என்ற அமெரிக்கக் கடற்படைக் கப்பலின் ஹெலிகொப்டர்கள் நிவாரணப் பணிக்கு வந்தன. அந்த ஈரம் காய்வதற்குள் மே மாதத்தில் தமிழருக்கு எதிரான கலவரம். கொழும்பில் றோயல் கல்லூரி அகதி முகாமானது. அங்கே அடைக்கலம் புகுந்த ஆயிரக்கணக்கான தமிழர்களைக் கப்பலேற்றிக் காங்கேசன்துறைக்கு அனுப்பியது அரசு. வடக்கிலிருந்த சிங்களக் குடும்பங்கள் தெற்கே வந்தன. உயிர் காக்க அந்த நேரத்தில் வேறு வழி இருக்கவில்லை என்பதை மறுக்க முடியாது. ஆனால் தலைநகரில் வேலை செய்து, வாடகை கட்டி, பிள்ளைகளைப் படிக்கவைத்த ஒருவருடைய 'சொந்த ஊர்' எது என்ற கேள்விக்கு அன்று எழுதிய விடை அப்படியே தங்கிவிட்டது.

1977 ஓகஸ்ட் கலவரத்தின் பின் தமிழர்கள் நிவாரணத்தைத் தாங்களே கையிலெடுத்தார்கள். தமிழ் அகதிகள் புனர்வாழ்வுக் கழகம் உருவானது. எஸ். ஏ. டேவிட்டும் மருத்துவர் ராஜசுந்தரமும் நடத்திய காந்தீயம் அமைப்பு, மலையகத்திலிருந்து விரட்டப்பட்டவர்களை வவுனியாப் பக்கம் குடியேற்றியது. சமைத்த சோற்றோடு நில்லாமல் நிலமும் கிணறும் தேடியது அந்தக் காலத்து நிவாரணச் சிந்தனையில் புதிது. அந்தப் பணி அரசின் சந்தேகத்துக்கு உள்ளானது. கைது செய்யப்பட்ட ராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறைக்குள் கொல்லப்பட்டார்.

அந்த ஜூலை இனக்கலவரத்தில் எரிந்தவற்றில் கொழும்பின் புறக்கோட்டையும் ஒன்று. இதைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. அரிசி, பருப்பு, செத்தல் மிளகாய் என்று நாட்டின் மொத்த வியாபாரத்தில் பெரும் பங்கு அந்தக் குறுக்குத் தெருக்களில்தான் நடந்தது. கடைக்காரர்களில் கணிசமானோர் தமிழர். எந்தக் களஞ்சியத்திலிருந்து முகாமுக்கு மூட்டை போகவேண்டுமோ அந்தக் களஞ்சியமே சாம்பல். கடைக்குச் சொந்தக்காரரோ பார்சல் வாங்கும் வரிசையில். பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியிலும் இரத்மலானை விமான நிலையத்தின் விமானக் கொட்டகையிலும் சனம் நெருக்கியடித்துக் கிடந்தது. அகதிகளைப் பராமரிக்கவும் விநியோகத்தைச் சீராக்கவும் பிரட்மன் வீரக்கோன் அத்தியாவசிய சேவைகள் ஆணையாளர் நாயகமாக நியமிக்கப்பட்டார். 1958இல் பிரதமர் பண்டாரநாயக்கவின் செயலாளராக இருந்தவரும் அவரே. இருபத்தைந்து ஆண்டுகளில் முகாமும் மாறவில்லை, அதை நடத்த அழைக்கப்பட்ட அதிகாரியும் மாறவில்லை.

கப்பலும் மறுபடி வந்தது. 'லங்கா கல்யாணி' வடக்கே ஓடியது. இந்தியா 'சிதம்பரம்' கப்பலை அனுப்பியது. ஏறியவர்களில் யாழ்ப்பாணத்தை முதன்முதலாகப் பார்க்கப்போனவர்களும் இருந்தார்கள். கொழும்பிலே பிறந்து வளர்ந்தவருக்கும் மலையகத்திலிருந்து பிழைக்க வந்தவருக்கும் காங்கேசன்துறை எந்த வகையில் 'ஊர்'?

1990இல் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் எதிர்த்திசையில் வந்தார்கள். பெரும்பாலோர் புத்தளத்தில் தங்க, ஒரு பகுதியினர் மட்டக்குளி காக்கைதீவு முகாமுக்கு வந்து சேர்ந்தனர். தற்காலிகம் என்று சொல்லப்பட்ட கொட்டில்களில் ஒரு தலைமுறை வளர்ந்தது.

சுனாமிக் கடற்கோளுக்குப் பின் வெள்ளமும் போரும் ஒரே கோப்புக்குள் வந்தன, காகிதத்திலாவது. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் அனர்த்தங்களின் பட்டியலில் வெள்ளத்தோடு உள்நாட்டுக் கலகத்தையும் சேர்த்துக்கொண்டது. அதே ஆண்டு ஜூனில், கடற்கோள் நிதியைப் பகிர அரசும் புலிகளும் பொதுக்கட்டமைப்பு உடன்பாட்டில் கையெழுத்திட்டனர். இதை எதிர்த்து ஜே.வி.பி. அரசிலிருந்து விலகியது, ஜூலையில் உயர் நீதிமன்றம் முக்கியமான பகுதிகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. கடல் இன மத பேதம் பார்க்காமல் அடித்த இடத்தில், பணம் யார் கையால் போகவேண்டும் என்பதே வழக்கு.

2007 ஜூன் 7 விடியற்காலை, கப்பலின் வேலையைப் பஸ் செய்தது. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பகுதி லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேர் பொலிஸாரால் ஏற்றப்பட்டு, பெரும்பாலும் வவுனியாவுக்கு அனுப்பப்பட்டனர். வெளிநாட்டு விசாவுக்கும் வைத்தியத்துக்கும் காத்திருந்தவர்களும், சண்டைக்குத் தப்பி வந்தவர்களுமே இத்தகைய லொட்ஜுகளின் வழக்கமான வாசிகள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தொடுத்த வழக்கில் மறுநாளே உயர் நீதிமன்றம் வெளியேற்றத்தை நிறுத்தியது. பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க வருத்தம் தெரிவித்தார். 1958இல் பாதுகாப்பு என்ற பெயரில் நடந்த பயணம், ஏறத்தாழ ஐம்பது ஆண்டு கழித்து அதே பெயரில் வெளியேற்றமாக நடந்ததைக் கவனிக்கவேண்டும். முன்னையதில் ஆபத்தில் இருந்தவரைக் காப்பது, பின்னையதில் அவரிடமிருந்து நகரைக் காப்பது.

கடைசியாக ஒரு கப்பல் வந்தது, போர் நடந்த வன்னிக்கென்று புலம்பெயர் தமிழர் சேர்த்த 884 தொன் பொருட்களோடு. 'வணங்காமண்' என்று பெயரிட்டு ஐரோப்பாவிலிருந்து அனுப்பப்பட்ட அந்த உதவி, போர் முடிந்த பின்னரே இலங்கைக் கரையை எட்டியது. 2009 ஜூனில் கடற்படை அதைத் திருப்பி அனுப்பியது. பொருட்கள் சென்னையில் இறக்கப்பட்டு, செஞ்சிலுவைச் சங்கத்தின் பெயரில் வேறொரு கப்பலில் ஜூலையில் கொழும்புத் துறைமுகம் வந்து சேர்ந்தன. அங்கே கட்டணப் பிரச்சினையில் மாட்டிக்கொண்டன. புறக்கோட்டையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் கொள்கலன்கள் அடுக்கிக் கிடக்க, வவுனியா செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் முள்வேலிக்குள் இருந்தார்கள். ஓகஸ்ட் நடுவில் அங்கே கனமழை கொட்டியது. கூடாரங்களுக்குள் தண்ணீர் புகுந்தது, மலசலகூடங்கள் நிரம்பி வழிந்தன. களனிக் கரையில் என்றால் சனம் மேட்டுக்குப் போயிருக்கும். இங்கே முகாமை விட்டு வெளியேற அனுமதி இல்லை. கொழும்பில் கிடந்த பொருட்கள் ஒக்டோபரில் விடுவிக்கப்பட்டன.