ஒன்றரை அங்குல வளைவும் ஒரு தந்தியும்

போன மாதம் அக்கா பையன் வீட்டுக்கு வந்திருந்தான். பொறியியல் கடைசி வருஷம். கல்லூரியில் 'சாஃப்ட் ஸ்கில்' வகுப்பு நடக்குதாம். டை கட்டுவது, கை குலுக்குவது, குரூப் டிஸ்கஷனில் முதல் ஆளாக வாயைத் திறப்பது, இவைதான் பாடம். "இதெல்லாம் எதுக்கு மாமா? கணக்கை ஒழுங்கா போட்டா போதாதா?" என்றான். டை விஷயத்தில் நான் அவன் கட்சிதான். மற்றதற்கு அவனிடம் கியூபெக் பாலத்தின் கதையைச் சொன்னேன். சொன்ன பிறகு பழைய குறிப்புகளை எடுத்துப் பார்த்தேன். இங்கேயும் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

கனடாவில் கியூபெக் நகருக்குப் பக்கத்தில், செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் மேல் கட்டிய ரயில் பாலம். கான்டிலீவர் வகை, அதாவது இரண்டு கரையிலிருந்தும் கை நீட்டிக்கொண்டு வந்து நடுவில் சேர்வது. நடுக் கண்ணின் நீளம் முதலில் 1600 அடி என்றுதான் இருந்தது. ஆலோசகப் பொறியாளர் தியோடர் கூப்பர் 1900இல் அதை 1800 ஆக்கினார். ஸ்காட்லாந்தின் ஃபோர்த் பாலம் 1710 அடி. ஆக, உலகத்திலேயே நீளமான கண் இதுதான் என்று ஆகிவிட்டது.

கூப்பர் இருந்தது நியூயார்க்கில். உடல்நிலை சரியில்லை. இரும்பு வேலை தொடங்கிய பிறகு ஒருமுறைகூட அவர் அந்தப் பக்கம் போகவில்லை. உருக்கைச் செய்து அனுப்பி, பாலத்தைக் கட்டிய ஃபீனிக்ஸ் பிரிட்ஜ் கம்பெனி பென்சில்வேனியாவில் ஃபீனிக்ஸ்வில் என்ற ஊரில் இருந்தது. களத்தில் கூப்பரின் கண்ணாக இருந்தவர் நார்மன் மெக்லூர் என்ற இளம் பொறியாளர். மூன்று ஊர், மூன்று அலுவலகம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1907 ஆகஸ்ட் ஆரம்பத்திலேயே கீழ்ப்பக்கத்து அழுத்த உறுப்புகள் லேசாக வளைந்திருப்பதைக் கவனித்துவிட்டார்கள். கடிதங்கள் போயின, வந்தன. கம்பெனியின் களப் பொறியாளர் பர்க்ஸ், அந்த வளைவு பாலத்தில் ஏற்றுவதற்கு முன்பே இருந்தது என்றார். ஆய்வாளர் கின்லாக், இல்லவே இல்லை, இது புதுசு என்று அடித்துச் சொன்னார். கின்லாக் அனுபவத்தில் வந்த மனிதர். பர்க்ஸ் படித்தவர், நன்றாக வாதாடக்கூடியவர். யார் பேச்சு எடுபட்டிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகஸ்ட் 27ஆம் தேதி மெக்லூர் அளந்து பார்த்தார். ஒரு வாரத்துக்கு முன் முக்கால் அங்குலம் இருந்த வளைவு இப்போது இரண்டேகால் அங்குலம்! வேலையை நிறுத்துவதாகச் சொன்ன மேஸ்திரி யென்சர் மறுநாள் காலையில் மனம் மாறித் தொடர்ந்தார். பாலம் கட்டச் சொன்ன கம்பெனியின் தலைமைப் பொறியாளர் ஹோருக்கும் நிறுத்த மனமில்லை. நிறுத்தினால் ஆட்களின் தைரியம் போய்விடும், ஆட்களே கலைந்து போய்விடுவார்கள் என்று அவருக்குக் கவலை. மெக்லூர் ரயிலேறி நேரில் கூப்பரைப் பார்க்கப் போனார்.

29ஆம் தேதி மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் அவர் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். கூப்பருக்கு உடனே புரிந்துவிட்டது. தந்தி அடித்தார்: விவரங்களை ஆராயும் வரை பாலத்தில் மேற்கொண்டு பாரம் ஏற்ற வேண்டாம், மெக்லூர் ஐந்து மணிக்கு அங்கே வருகிறார். ஆனால் அது போனது ஃபீனிக்ஸ்வில்லுக்கு. கியூபெக்குக்கு யாருமே தந்தி அடிக்கவில்லை.

அந்தத் தந்தியை நான் பலமுறை படித்திருக்கிறேன். அதில் தப்பு என்று எதுவும் இல்லை. ஆனால் 'ஆட்களை உடனே கீழே இறக்கு' என்றும் அதில் இல்லை. கம்பெனியின் தலைமைப் பொறியாளர் டீன்ஸ் படித்துவிட்டு, மெக்லூர்தான் வருகிறாரே, வந்ததும் பேசிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார். மெக்லூர் வந்தார், பேசினார்கள். களத்திலிருந்து ஒரு கடிதம் வரவேண்டியிருக்கிறது, காலையில் பார்த்து முடிவு செய்யலாம் என்று எழுந்தார்கள்.

கிட்டத்தட்ட அதே நேரத்தில், மாலை 5.37க்கு, வேலை முடியும் சமயத்தில் பாலம் விழுந்தது. சுமார் 19,000 டன் உருக்கு கீழே வர 15 வினாடிதான் ஆனது. மேலே இருந்த 86 பேரில் 75 பேர் செத்தார்கள். அவர்களில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் கானவாகே என்ற ஒரே ஊரைச் சேர்ந்த மோஹாக் பழங்குடியினர். பர்க்ஸும் யென்சரும் போய்விட்டார்கள். வளைவு பழசு என்று வாதாடிய பர்க்ஸ் அதை உண்மையாகவே நம்பியிருக்கிறார். இல்லாவிட்டால் அந்த நேரத்தில் பாலத்தின் மேல் நின்றிருப்பாரா?

"அப்போ கணக்குலதானே மாமா தப்பு?" என்று மருமகன் மடக்கினான். உண்மைதான். கண்ணை நீட்டியபோது பாலத்தின் சொந்த எடையைத் திரும்பக் கணக்கிடாமல் விட்டுவிட்டார்கள். 1906இல் அது தெரிந்தபோது, அழுத்தம் 7 முதல் 10 சதவீதம்தான் கூடுகிறது, பரவாயில்லை என்று கூப்பர் ஒத்துக்கொண்டார். கீழ் உறுப்புகளின் பின்னல் கம்பிகளும் போதவில்லை. பாலம் விழுந்தது கணக்கால்தான். ஆனால் இரும்பு மூன்று வாரம் முன்னாடியே நோட்டீஸ் கொடுத்துவிட்டதே! 75 பேரும் அன்றைக்கு மேலே நின்றதற்கு கணக்கைக் குறை சொல்ல முடியாது.

விசாரணைக் கமிஷனும் இதை விடவில்லை. அந்த நெருக்கடியைச் சமாளிக்கும் தகுதியுள்ள ஒருவர்கூட கூப்பிடு தூரத்தில் இல்லாமல் உலகத்தின் மிகப் பெரிய பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருந்தது என்ற பொருளில் எழுதினார்கள். எனக்கு இதில் பாதிதான் உடன்பாடு. பார்த்தவர் இருந்தார், அளந்தவரும் இருந்தார். 'நிறுத்து' என்று சொல்லும் அதிகாரம் மட்டும் மூன்று ஊர் தள்ளி இருந்தது.

கனடாவில் பொறியியல் முடித்தவர்கள் சுண்டுவிரலில் ஒரு சின்ன மோதிரம் போட்டுக்கொள்வார்கள். 1925இல் தொடங்கிய வழக்கம், சடங்கை எழுதிக் கொடுத்தவர் கிப்ளிங். முதல் மோதிரங்கள் விழுந்த பாலத்தின் இரும்பில் செய்தவை என்று ஒரு கதை உண்டு. கதைதான், நம்ப வேண்டாம்.

அதே இடத்தில் புது வடிவத்தில் மறுபடி கட்டினார்கள். 1916 செப்டம்பரில் நடுப்பகுதியைத் தூக்கும்போது அதுவும் ஆற்றில் விழுந்து 13 பேர் இறந்தார்கள். 1917இல் ஒருவழியாக முடித்தார்கள். கான்டிலீவர் பாலங்களில் இன்றைக்கும் அதுதான் நீளமான கண். ரயில் இப்போதும் அதன் மேல் போய்க்கொண்டிருக்கிறது.