காலித் தளம்

எச்.எம்.எஸ். ஹெர்மிஸ். விமானந்தாங்கியாகவே திட்டமிட்டு வரையப்பட்ட முதல் கப்பல். நிஜத்தில் 600 அடி. 1/700 அளவில் என் மேசைமேல் 26 சென்டிமீட்டர். ஆன்டெனாக் கம்பிக்கு, மிச்சமான பிளாஸ்டிக் குச்சியை மெழுகுவர்த்தியில் காட்டி இழுக்கணும், மயிரிழை மாதிரி நூல் வரும். மூணு தடவை அறுந்தது. (பொறுமைசாலி என்று வீட்டில் நம்புகிறார்கள்.)

ஸ்வோர்ட்ஃபிஷ் விமானங்கள் ஆறு, ஒவ்வொன்றும் இரண்டு சென்டிமீட்டர் அகலம். வர்ணமடித்துத் தளத்தில் ஒட்டப்போகும்போதுதான் உறைத்தது. 1942 ஏப்ரல் 9, மட்டக்களப்புக்கு அப்பால் ஜப்பானிய விமானங்கள் குண்டுமழை பொழிந்தபோது இந்தத் தளத்தில் ஒரு விமானம்கூட இல்லை. எல்லாம் கரையில். 307 பேர் செத்துப்போனார்கள்.

எந்த நாளின் கப்பலை நான் செய்கிறேன்?

ஆறையும் தீப்பெட்டியில் போட்டு மூடிவிட்டேன்.