நிபந்தனை என்னும் சொல்லின் எடை

‘டெர்ம்ஸ் அண்ட் கண்டிஷன்ஸ்’ என்னும் ஆங்கிலத் தொடரை ‘விதிமுறைகளும் நிபந்தனைகளும்’ என்று எழுதிப் பழகிவிட்டோம். இரண்டும் ஒரே பொருளன என்றும் கொள்கிறோம். ஆங்கிலச் சட்ட வரலாறு வேறு சொல்கிறது.

‘டெர்ம்’ என்பதன் இலத்தீன் மூலத்துக்கு எல்லை என்று பொருள். உரோமர் எல்லைக்கல்லைத் தெய்வமாகவே வணங்கினர். ‘கண்டிஷன்’ என்பதன் மூலம் கூடிப் பேசுதலைக் குறிப்பது. இருவர் கூடிப் பேசி வகுத்துக்கொண்ட எல்லை என்னும் கருத்து இரண்டிலும் உறைந்திருக்கிறது.

சட்டம் இவற்றைப் பிரித்தறிந்த விதத்துக்கு 1876இல் லண்டனில் தீர்ப்பான இரு வழக்குகள் சான்று. பெத்தினி என்னும் இசைநாடகப் பாடகர், ஒத்திகைக்காக ஆறு நாள் முன்னதாக வருவதாக ஒப்பியிருந்தார்; நோயுற்றதால் இரண்டு நாள் முன்புதான் வந்தார். பூசார் என்னும் பாடகியோ நோயினால் அரங்கேற்ற நாளுக்கே வர இயலவில்லை. பெத்தினியை விலக்கியது தவறு என்றும், பூசாரை விலக்கியது சரி என்றும் நீதிபதி பிளாக்பர்ன் தீர்ப்பளித்தார். ஒத்திகை ஒப்பந்தத்தின் ஒரு கூறு. அரங்கேற்றமோ அதன் உயிர். உயிரான கூறே ‘கண்டிஷன்’.

இவ்வேறுபாட்டை இங்கிலாந்தின் 1893ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டம் ஏற்றது. இந்தியாவின் 1930ஆம் ஆண்டுச் சட்டமும் அவ்வழியே சென்றது. நிபந்தனை மீறப்பட்டால் ஒப்பந்தத்தையே முறிக்கலாம். துணைக்கூறான உத்தரவாதம் மீறப்பட்டால் இழப்பீடு மட்டுமே கோரலாம்.

சொல்லை எழுதிவிட்டால் மட்டும் போதுமா? ஷூலர் என்னும் ஜெர்மானிய நிறுவனம், தன் விற்பனை முகவர் ஆறு நிறுவனங்களை வாரந்தோறும் சந்திப்பது ‘கண்டிஷன்’ என்றே ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. ஒரே ஒரு சந்திப்புத் தவறினாலும் ஒப்பந்தம் முறியலாம் என்று பொருள்கொள்வது நியாயமன்று என 1973இல் பிரபுக்கள் அவை பெரும்பான்மையாக முடிவு செய்தது. சொல்லினும் கருத்தே அங்கு எடையிடப்பட்டது.

நம் வழக்குக்கு வருவோம். ஓர் அரசோ நிறுவனமோ தானே வகுப்பது விதிமுறை. இருதரப்பும் இசைந்தவை ஒப்பந்தக் கூறுகள். அவற்றுள், மீறினால் ஒப்பந்தமே முறியத்தக்கவை நிபந்தனைகள். இசைந்ததை ‘விதி’ என்று எழுதும்போது, கையெழுத்திடுபவருக்கும் பேச உரிமை உண்டு என்பது மறைந்துபோகிறது. வாடகைக்கு வருபவரும் வேலைக்குச் சேர்பவரும் அத்தாளை ஆணையாகவே வாசிக்கின்றனர். சொல்லைத் திருத்துவது அவர்களுக்கு அவ்வுரிமையை நினைவூட்டுவதாகும்.