ரோனி ஹோர்ன்

ரோனி ஹோர்ன் (பிறப்பு: செப்டம்பர் 25, 1955, நியூயார்க்) ஓர் அமெரிக்கக் காட்சிக் கலைஞரும் எழுத்தாளரும் ஆவார். சிற்பம், வரைபடம், ஒளிப்படம், நூல் ஆகிய வடிவங்களில் இவர் இயங்குகிறார். வட ஐரோப்பியத் தீவு நாடான ஐஸ்லாந்துக்கு 1975 முதல் திரும்பத் திரும்பச் சென்று தங்கியது இவரது கலை வாழ்வின் போக்கைத் தீர்மானித்தது. அங்குள்ள நீர், பனியாறுகள், வானிலை ஆகியன இவரது படைப்புகளின் மையப் பொருட்களாகும்.

கல்வியும் முதற் பயணங்களும்

ரோட் தீவு வடிவமைப்புப் பள்ளியில் இளநிலைப் பட்டம் பெற்ற ஹோர்ன், யேல் பல்கலைக்கழகத்தில் சிற்பக்கலையில் முதுநிலைப் பட்டத்தை 1978 இல் பெற்றார். இதற்கு முன்னரே, 1975 இல், தமது 19ஆம் வயதில் முதன்முறையாக ஐஸ்லாந்து சென்றிருந்தார். யேலில் படிப்பு முடிந்தபின் மீண்டும் அங்கு சென்று, மோட்டார் சைக்கிளில் கூடாரத்துடன் தனியாக நாட்டைச் சுற்றினார். மரங்கள் குறைந்த வெட்டவெளியும் அடிக்கடி மாறும் வானிலையும் நிலத்தோடு நேரடியாகப் பழகும் அனுபவத்தை இவருக்கு அளித்தன.

கலங்கரை விளக்கத்தில் தங்கல்

1982 இல் ஐஸ்லாந்தின் தென்கரையில், டிர்ஹோலாய் என்னும் பாறை முனையிலுள்ள கலங்கரை விளக்கத்தில் ஹோர்ன் தனியே தங்கினார். இது ஒரு நிறுவனம் நடத்திய உறைவிடத் திட்டம் அன்று. இவர் தாமே தேடிக்கொண்ட தனிமையாகும். அங்கு வரைந்த நீர்வண்ண, பென்சில் வரைபடங்கள் எட்டு ஆண்டுகளுக்குப் பின் 'பிளஃப் லைஃப்' (1990) என்ற நூலாயின. 'டு பிளேஸ்' என்னும் நூல் வரிசை இந்நூலுடன் தொடங்குகிறது.

டு பிளேஸ்

இத்தொடரின் தலைப்பை ஆங்கிலத்தில் இரு விதமாகப் படிக்கலாம். 'ஓரிடத்திற்கு' என்பது ஒரு பொருள். 'வைத்தல்' என்னும் வினை மற்றொரு பொருள். ஐஸ்லாந்தைப் பெயர்ச்சொல்லாக அன்றி ஒரு வினைச்சொல்லாகவே ஹோர்ன் கருதுவதால் இவ்விரு பொருளும் பொருந்துகின்றன. பயணி இடத்தைப் பார்ப்பது மட்டுமன்று, இடமும் பயணியை மாற்றுகிறது என்பதே இத்தொடரின் அடிப்படை எண்ணம்.

ஒவ்வொரு தொகுதியும் ஒரு பொருளை எடுத்துக்கொள்கிறது. 'ஃபோல்ட்ஸ்' (1991) ஐஸ்லாந்தின் ஆட்டுப் பட்டிகளையும், 'லாவா' (1992) எரிமலைக் குழம்புப் பாறைகளையும், 'பூலிங் வாட்டர்ஸ்' (1994) வெந்நீர்க் குளங்களையும் பற்றியவை. 'வேர்ன்ஸ் ஜர்னி' (1995), ஐஸ்லாந்தில் தொடங்கும் பூமியின் மையத்துக்கான பயணத்தைக் கதையாக்கிய ஜூல்ஸ் வேர்னை நினைவுகூர்கிறது.

யூ ஆர் த வெதர்

'நீயே வானிலை' எனப் பொருள்படும் இப்படைப்பு (1994–96) 100 ஒளிப்படங்களைக் கொண்டது. அனைத்திலும் ஒரே பெண்ணின் முகமே உள்ளது. அவர் ஐஸ்லாந்தின் பல்வேறு வெந்நீர் ஊற்றுகளில் கழுத்தளவு நீரில் நிற்கிறார். வெயில், காற்று, மூடுபனி ஆகியவற்றுக்கேற்ப முகபாவம் சிறிது சிறிதாக மாறுகிறது. வானிலையைக் காட்டாமலேயே அதை ஒரு முகத்தின் வழியாக உணர்த்துவது இதன் சிறப்பு.

எமிலி டிக்கின்சன்

அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சன், தம் வாழ்வின் பிற்பகுதியில் வீட்டை விட்டு அரிதாகவே வெளியேறினார். அவருக்கு வீட்டு அறை எதுவோ, தமக்கு ஐஸ்லாந்து அதுவே என்பது ஹோர்னின் ஒப்பீடு. டிக்கின்சனின் சொற்களை அலுமினியத் தண்டுகளில் பிளாஸ்டிக் எழுத்துகளாக வார்த்துச் சிற்பங்கள் பலவற்றை இவர் படைத்துள்ளார்.

நீர் நூலகம்

ஸ்னைஃபெல்ஸ்நெஸ் தீபகற்பத்தில் உள்ள ஸ்டிக்கிஷோல்முர் என்னும் சிற்றூரின் பழைய நூலகக் கட்டடம், 2007 இல் ஹோர்னின் வடிவமைப்பில் 'வாட்னசாஃப்ன்' (நீர் நூலகம்) ஆகத் திறக்கப்பட்டது. ஆர்ட்ஏஞ்சல் என்னும் இலண்டன் கலை அமைப்பு இதனை ஏற்பாடு செய்தது. நூல்கள் இருந்த இடத்தில் தரையிலிருந்து கூரை வரை எட்டும் 24 கண்ணாடித் தூண்கள் நிற்கின்றன. அவற்றில் ஐஸ்லாந்தின் வெவ்வேறு பனியாறுகளிலிருந்து எடுத்த பனிக்கட்டி உருகிய நீர் உள்ளது. சில தூண்களில் நீரோடு வந்த வண்டல் அடியில் படிந்துள்ளது. தரையில் வானிலையையும் மனநிலையையும் குறிக்கும் ஆங்கில, ஐஸ்லாந்தியச் சொற்கள் பதிக்கப்பட்டுள்ளன. அவ்வூர் மக்கள் தம் வானிலை அனுபவங்களைக் கூறிய பதிவுகள் 'வெதர் ரிப்போர்ட்ஸ் யூ' (2007) நூலாக வெளிவந்தன.

இதே கட்டடத்தில் எழுத்தாளர்கள் தங்கி எழுதுவதற்கான இடமும் அமைக்கப்பட்டது. அமெரிக்க எழுத்தாளர் ரெபேக்கா சோல்னிட் 2008 இல் அங்குத் தங்கினார். தமது 'த ஃபாராவே நியர்பை' (2013) நூலில் அதனை விவரித்துள்ளார். கலங்கரை விளக்கத்தில் தாம் பெற்ற தனிமையை ஹோர்ன் இவ்வாறு பிறருக்கும் கிடைக்கச் செய்தார்.

புவி வெப்பமாதலால் ஐஸ்லாந்தின் பனியாறுகள் சுருங்கி வருகின்றன. நூலகம் திறக்கப்பட்டு ஏழு ஆண்டுகளில், அதாவது 2014 இல், 'ஓக்' பனியாறு நகரும் ஆற்றலை இழந்துவிட்டதால் இனி அது பனியாறு அன்று என அறிவிக்கப்பட்டது. 2019 இல் அவ்விடத்தில் நினைவுப் பலகை வைக்கப்பட்டது. கலைப்படைப்பாகத் தொடங்கிய நீர் நூலகம் இதனால் மறைந்துவரும் பனியின் ஆவணக் காப்பகமாகவும் ஆகியுள்ளது.

எழுத்துகள்

2002 இல் மோர்குன்பிளாதித் நாளிதழின் பண்பாட்டு இணைப்பில் ஐஸ்லாந்தின் தனித்தன்மை குறித்து ஹோர்ன் ஒரு தொடர் எழுதினார். அந்நாட்டின் உயர்நிலப் பகுதி பெருந்திட்டங்களால் அழிவதை இவர் எழுத்தில் எதிர்த்தார். ஐஸ்லாந்து பற்றிய எழுத்துகளின் தொகுப்பான 'ஐலண்ட் ஸாம்பி' 2020 இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பதிப்பகத்தால் வெளியிடப்பட்டது.

கண்காட்சிகளும் விருதும்

- 2009: 'ரோனி ஹோர்ன் ஏகேஏ ரோனி ஹோர்ன்', டேட் மாடர்ன், இலண்டன், தொடர்ந்து விட்னி அருங்காட்சியகம், நியூயார்க்
- 2013: ஜோன் மிரோ பரிசு