விலை போன தூரிகை

கதை எழுதுகிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. பேனா உடைந்தால் வேறு பேனா வாங்கிக் கொள்ளலாம்; எழுதியது எழுதியபடி இருக்கும். கணினியில் சித்திரம் தீட்டுகிறவர்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. 'ஸாஃப்ட்இமேஜ்' என்ற மென்பொருளின் சரித்திரத்தைப் படித்தபோதுதான் இது எனக்கு விளங்கிற்று.

1986-இல் கனடாவிலுள்ள மாண்ட்ரியல் நகரில் டானியல் லாங்லுவா என்ற திரைப்படக் கலைஞர் அதைத் தொடங்கினார். கணக்கு தெரியாத கலைஞனும் கையாளக்கூடிய கருவி வேண்டும் என்பது அவர் ஆசை. 1993-இல் வந்த 'ஜுராஸிக் பார்க்'கில் டைனோசர்கள் ஓடியதைக் கொட்டகையில் மூச்சைப் பிடித்துக் கொண்டு பார்த்தோமே, கணினியில் பிறந்த அந்தப் பிராணிகளை அசைய வைத்தது இந்த மென்பொருள்தான்.

மறு வருஷமே மைக்ரோஸாஃப்ட் சுமார் 13 கோடி டாலருக்கு அதை வாங்கியது. 1998-இல் அவிட் கம்பெனி 28.5 கோடி கொடுத்தது. 2008-இல் ஆட்டோடெஸ்க் கொடுத்த விலை என்ன தெரியுமா? மூன்றரைக் கோடி!

ஆட்டோடெஸ்கிடம் அப்போதே '3டிஎஸ் மேக்ஸ்' இருந்தது; 2006 முதல் 'மாயா'வும் இருந்தது. ஒரே சமையலறையில் மூன்று மருமகள்கள். கடைசியாக வந்தவளுக்கு 2014 மார்ச்சில் விடை கொடுத்தார்கள்: இனிப் புதிய பதிப்பு கிடையாது. 2016 ஏப்ரலோடு உதவியும் நின்றது. மற்ற இரண்டில் ஒன்றுக்குக் கூடுதல் செலவின்றி மாறிக்கொள்ளலாம் என்றார்கள். வியாபாரக் கணக்கு சரிதான். ஆனால் பதினைந்து வருஷம் அதிலேயே கை பழகியவன் கதி? உருவங்களை வேறு மென்பொருளுக்குக் கொண்டு போகலாம். அவற்றை ஆட்டி வைக்கும் சூத்திரக் கயிறுகளைப் பெரும்பாலும் புதிதாகத்தான் கட்ட வேண்டும். போட்டியாளர்கள் இருவரும் ஒரே முதலாளியின் வீட்டில் இருக்கும்போது, கோபித்துக் கொண்டு போவதற்கும் அதிக இடமில்லை.

இதே தொழிலில் வேறொரு மரணம் தவிர்க்கப்பட்டது. 2002-இல் நெதர்லாந்தில் 'பிளெண்டர்' மென்பொருளின் கம்பெனி மூடப்பட்டது. அதை உருவாக்கிய டோன் ரோஸண்டால், பணம் போட்டவர்களிடம் பேசி ஒரு லட்சம் யூரோவுக்கு விலை முடித்தார். உபயோகித்தவர்கள் தங்கள் பைகளைத் துழாவினார்கள். ஏழே வாரங்களில் தொகை சேர்ந்தது! அந்த அக்டோபரிலேயே அதன் மூல நிரல் முழுவதும் பொதுச் சொத்துப்போல் எல்லோருக்கும் திறந்து விடப்பட்டது. 2025-இல் சித்திரப் படத்துக்கான ஆஸ்கார் பரிசு பெற்ற, லாட்வியா நாட்டு இயக்குநரின் 'ஃப்ளோ' பிளெண்டரில் உருவானது.

ஸாஃப்ட்இமேஜின் மூல நிரலோ ஆட்டோடெஸ்கின் பெட்டியிலேயே இருக்கிறது.